முழுக்கைச் சட்டை

குள்ளம்மாள் நீல நிற ரப்பர் கையுறைகளை ஆளுக்கு ஒரு ஜோடியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கல்யாண மண்டப வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிறவளின் சுறுசுறுப்பு இருந்தது அவளிடம். வாங்கியவர்களும் அப்படித்தான் வாங்கினார்கள். ஒருத்தி, பின்னால் வந்துகொண்டிருக்கும் தன் மருமகளுக்கும் சேர்த்து ஒரு ஜோடி கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் புளி மூட்டை அடுக்கும் ஷெட்டுக்கும் நடுவே, ஒரு மர பெஞ்சில் ராமக்காள் கிடந்தாள். சுற்றிலும் பழைய சேலைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். மறைப்பைப் பிடித்திருந்த கைகளுக்கும் உறை ஏறியிருந்தது. சேலை வழியாக எது தாவி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

"இந்தா நிர்மலா, உனக்கு."

நிர்மலா அக்காளின் தலைமாட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். நாத்தனார் நீட்டியதைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"எதுக்கு அண்ணி இது?"

"குளிப்பாட்ட வேணாமா? எல்லாரும் தலையில எண்ணெ வெக்கணும், அரப்பு வெக்கணும். வெறுங்கையில எப்பிடி? மெடிக்கல்ல பொட்டியோடவே வாங்கியாறச் சொன்னன்."

"ஓ. நம்ம கையில இருக்கிற அழுக்கு அவளுக்கு ஒட்டிக்கப் போவுதுன்னு பாக்கறீங்களா?"

குள்ளம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது. "இந்த வாயி இருக்குதே. சாவு வூட்டுலயும் அடங்காது."

காலையில்தான் போனாள் ராமக்காள். மொட்டை மாடியில், தகரம் வேய்ந்த அவளுடைய அறைக்கு வெளியே, கிழக்குப் பார்த்த பிளாஸ்டிக் நாற்காலியில். வெயில் தோலுக்கு நல்லது என்று யாரோ ஒரு டாக்டர் எப்போதோ சொன்னதிலிருந்து, ஊர் எழுந்து மாடிகளுக்கு வருவதற்கு முன்னால், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மாடியில் ஆள் அரவம் கேட்டால் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொள்வாள். நிர்மலாவின் மகள் பூவிழி டீ கொண்டு போனபோது இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்தபடியே இருந்தது. பக்கத்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அப்போதுதான் பூவிழிக்குச் சந்தேகம் வந்ததாம். இருதயம் என்றார் வந்து பார்த்த டாக்டர்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வயற்காட்டு வேலை செய்கிற பெண்கள் அந்தப் பக்கமெல்லாம் உண்டு. அதனால் ராமக்காளை வேற்றூர்க்காரர்கள் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். வெயில் தாங்காமல் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். சித்திரை மாத ராத்திரியிலும் அதைக் கழற்றமாட்டாள் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தனி வாளி, தனிச் சொம்பு, மாடியில் தனிக் கொடி. உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கூட்டுவதற்குக் கைப்பிடி தேய்ந்த சின்ன விளக்குமாறு ஒன்று, அதுவும் தனி. உமி மாதிரி உதிர்வதை அவளே கூட்டி, அவளே அள்ளி, யாரும் பார்க்காமல் கொண்டுபோய்க் கொட்டுவாள்.

"நிர்மலா. செத்த இப்பிடி வா."

மறைப்புக்கு வெளியே அவள் கணவன் மாதவராஜின் குரல். நிர்மலா கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அவன் ஷெட்டு ஓரமாக அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"பென்னாகரத்துக்காரங்க தருமபுரி தாண்டிட்டாங்களாம். காருல வர்றாங்க. அதுக்குள்ள குளிப்பாட்டி உள்ள கொண்டாந்து படுக்க வெச்சிரணும். சட்ட இருக்குதில்ல, முழுக்கை, அதையே போட்டு உடு. மேல கோடித்துணியக் கழுத்து வரைக்கும் இழுத்துட்டா முடிஞ்சுது."

"இன்னும் அவங்ககிட்ட சொல்லலியா நீங்க?"

"என்னத்த?"

"அக்காவுக்கு இருந்தத."

"சொல்லி? பூவிழிக்கு நிச்சயம் ஆவட்டும். அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம். பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. நீ என்ன பதிலு சொல்லுவ? ஒரே பொண்ணு. யோசன பண்ணு."

மாதவராஜ் புளி வியாபாரி. மூட்டையின் வாயில் எப்போதும் சிவந்த, நார் எடுத்த புளியைத்தான் வைப்பான். கருத்தது அடியில் போகும். இதை ஏமாற்று என்று அவன் நினைத்ததில்லை. வாங்குகிறவனும் நினைப்பதில்லை, அவன் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பான். சம்பந்தம் பேசுவதில் மட்டும் அடிவரைக்கும் கையை விடுகிற வழக்கம் இல்லை. அதுதான் அவனுக்குத் தைரியம்.

தன் கல்யாணத்தில் அவன் கையை விட்டுப் பார்த்தவன்தான். பெண் பார்க்க அவன் இதே கம்பைநல்லூரிலிருந்து போனது ராமக்காளைப் பார்க்க. அவளுடைய அம்மா யோசித்து முழங்கை மூடுகிற மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டு அனுப்பினாள். காப்பித் தட்டை நீட்டும்போது துணி மேலே ஏறியது. குள்ளம்மாள் தட்டை எடுக்காமல் கையைப் பார்த்தாள். அப்புறம் மாதவராஜ் வீட்டார் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, "சின்னதக் குடுத்தா எங்களுக்குச் சம்மதம்" என்றார்கள். கத்தரிக்காயில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வது போல. கல்யாணம் நடந்தது. அன்றைக்கு வீட்டைக் காவல் காக்க ஆள் வேண்டுமென்று ராமக்காளை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா போன பிறகு அவள் இந்த மாடிக்கு வந்தாள்.

"யோசிச்சுட்டன்," என்றாள் நிர்மலா.

"என்ன?"

அவள் மறைப்புக்குள் போனாள். உள்ளே இன்னொரு கூட்டம் கூடியிருந்தது. மாதவராஜின் சித்தப்பா பச்சியப்பன், ஒடித்த எருக்கஞ்செடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒடித்த இடத்தில் பால் வடிந்து அவர் வேட்டியில் சொட்டியது. செடிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கிளையில் மஞ்சள் கயிறு ஒன்று தொங்கியது.

"இது எதுக்கு மாமா?"

"கன்னியாப் போயிட்டாளேம்மா. செடிக்குக் கட்டி வெச்சுத்தான் எடுக்கணும். அப்பிடியே எடுத்தம்னா ஆச தீராம இங்கயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

"நம்ம பூவிழி கல்யாணம் வேற வருதில்ல," என்றாள் குள்ளம்மாள். "குறுக்க நிக்கும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதிலு சொல்றது?"

நிர்மலா செடியை மேலும் கீழும் பார்த்தாள். மாப்பிள்ளை பார்க்கிற பார்வைதான்.

"எவ்ளோ வெரசா மாப்ள தேடிக் கொண்டாந்துட்டீங்க மாமா. உசுரோட இருந்தப்ப ஒருத்தருக்கும் அலைஞ்சு கால் வலிக்கலியே."

"அம்மாடி, வழக்கம்னு ஒண்ணு..."

"எத்தினி கல்யாணத்துக்கு இவள உள்ள உட்டீங்க? என் கல்யாணத்துக்கு வந்தாளா? அண்ணி, உங்க மவன் கல்யாணத்துக்குப் பத்திரிக வெச்சீங்க. நாங்க கெளம்பறப்ப போன் பண்ணி, 'ராமக்காளுக்குப் பிரயாணம் ஆவாது, உட்டுட்டு வாங்க'ன்னீங்க. மண்டபத்துல அவ நெழலு பட்டா பொண்ணுக்குச் சொறி வரும்னு பயம். இப்ப அவளுக்கே கல்யாணமா?"

"அத ஏன் இப்ப பேசற?" என்றாள் குள்ளம்மாள்.

"செடிகிட்ட சம்மதம் கேட்டீங்களா? நாளைக்கு இதுக்கு ஒட்டிக்கிச்சுன்னா? அதுக்கும் ஒரு ஜோடி கையுற போட்டுக் கூட்டியாந்திருக்கலாமில்ல."

மறைப்பைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே அதை இருமலாக மாற்றினாள்.

"செரி, தாலிய யாரு கட்றது?" நிர்மலா விடவில்லை. "செடிக்குக் கையில்ல. செடி சார்பா யாராச்சும் கழுத்துல முடி போடணுமில்ல? அண்ணி, நீங்க கட்டறீங்களா?"

குள்ளம்மாள் பச்சியப்பனைப் பார்த்தாள். பச்சியப்பன் செடியைப் பார்த்தார்.

"கட்டணும்னு இல்லம்மா," என்றார் கடைசியில். "நெஞ்சு மேல, துணிக்கு மேலாப்புல வெச்சா போதும். சாமி ஏத்துக்கும்."

நிர்மலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகை இல்லை. பச்சை மிளகாயைக் கடித்தவளின் கண்ணில் வருவது. அவள் கையை நீட்டி அந்தக் கிளையை அவரிடமிருந்து வாங்கி, மறைப்புக்கு மேலாக வெளியே எறிந்தாள். அது தொட்டியடியில் போய் விழுந்தது.

"மாப்ளய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க மாமா. பொண்ணு வூட்டுல இஷ்டமில்லயாம்." பிறகு சுற்றிலும் பார்த்தாள். "உற போட்ட கை எதுவும் எங்க அக்கா மேல படக்கூடாது. கழட்டறவங்க இருங்க. மத்தவங்க போங்க. பாவம், எதுக்கு ரிஸ்க்கு."

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முன்பக்கம் வேலை வந்துவிட்டது. ஒருத்திக்கு மருமகளைப் பார்க்கவேண்டும். ஒருத்திக்குக் கால் மரத்துப்போய்விட்டது. சேலை பிடித்திருந்தவர்கள் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவர்களாவது நின்றார்கள்.

நிர்மலா தனியாகத் தொடங்கினாள். சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி முழங்கையில் வைத்தாள். காய்ந்து வெடித்திருந்த திட்டு எண்ணெயைக் குடித்துக் கருத்தது. முதுகில், முட்டியில், காதுக்குப் பின்னால், ஒவ்வொரு திட்டும் அவளுக்குத் தெரியும். மார்கழியில் எது பெரிதாகும், எது வெயில் காலத்தில் சுருங்கும், எதை ராமக்காள் தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வரவைப்பாள் என்றெல்லாம் தெரியும். சித்த வைத்தியம் பார்த்தார்கள். மலையில் ஒருவன் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தான். மாசக்கணக்கில் உப்பில்லாமல் களி தின்றாள். பாம்பு சாபம் என்று ஒருவன் சொல்லிப் புற்றுக்குப் பால் ஊற்றினார்கள். கடைசியில் தருமபுரியில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் ராமக்காளின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். சொரியாசிஸ். ஒட்டாது. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம். வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகு ராமக்காள் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டே பேசுனா, பாத்தியா?"

பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து போய் நின்றுகொண்டாள்.

இப்போது நிர்மலா ஒன்றைக் கவனித்தாள். திட்டுகளைச் சுற்றியிருந்த சிவப்பு இல்லை. எந்த மருந்துக்கும் எந்தப் பத்தியத்துக்கும் அடங்காத அந்தச் சிவப்பு, மூச்சு நின்றதும் போய்விட்டது. இதற்காகத்தான் காத்திருந்தது போல. அவளுக்கு வந்த கோபத்தில் சொம்பைத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி வைத்தாள்.

அவள் தன் இடுப்பில் செருகியிருந்த ராமக்காளின் செல்போன் அடித்தது.

"ராமக்கா இதாரா? இருக்காங்களா?" சிந்தாமணிப் பக்கத்துக் கன்னட வியாபாரி. சத்தமான குரல். "அக்கா, நேத்து சொன்ன ரேட்டு ஒத்துக்கிட்டேன். ஸொல்ப, கொஞ்சம் கொறச்சிக்கோன்னா கேக்கமாட்டீங்க, தெரியும். லாரி அனுப்பறேன்."

"நான் தங்கச்சி பேசறன். அக்கா போயிட்டாங்க."

"எல்லி? எங்க போயிட்டாங்க?"

"செத்துப் போயிட்டாங்க. காலையில."

"அய்யோ" என்றார் வியாபாரி. "ஒந்து தடவ கூட மொகம் பாக்கலம்மா நானு. எத்தினி வருஷமா சண்ட போட்டிருக்கோம் போன்ல. வூட்டுக்கு வாங்கக்கான்னா வரமாட்டாங்க. நா அங்க வரேன்னா, வேணாம்பாங்க."

மண்டியின் வியாபாரம் பாதி அந்தக் குரலில்தான் நடந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ராமக்காள் பேரம் பேசுவாள். எதிராளி மூச்சு விடுகிற விதத்தை வைத்து இன்னும் எவ்வளவு ஏறுவான் என்று சொல்லிவிடுவாள். மாதவராஜ் அவளைப் புளியைத் தொடவிட்டதில்லை. உதிர்ந்தது புளியில் விழுந்தால் பெயர் கெட்டுவிடும். குரலில் எதுவும் உதிராது. அதனால் குரலை மட்டும் வைத்துக்கொண்டான்.

"அம்மா."

பூவிழி மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். கையில் அந்த நீல உறை. அத்தை கொடுத்திருப்பாள். போட்டுக்கொள்ளவுமில்லை, கீழே போடவுமில்லை.

"தண்ணி ஊத்து," என்றாள் நிர்மலா.

பூவிழி உறையைச் சுவர் மேல் வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தாள். எட்ட நின்று ஊற்றினாள். தண்ணீர் பாதி தரையில் போனது.

"செடிக்கா ஊத்தற? கிட்ட வா."

வந்தாள். இரண்டு சொம்பு ஊற்றிய பிறகு, பெரியம்மாவின் முழங்கையையே பார்த்தபடி கேட்டாள்: "எனக்கும் வருமாம்மா?"

நிர்மலா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியாது."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வரலாம், வராமயும் போலாம்னாங்க. எனக்கு வரல. உனக்கு வந்தா எண்ணெ தேச்சுக்க. மருந்து போட்டுக்க. மாடிக்கு மட்டும் ஏறாத."

பூவிழி சொம்பை வைத்துவிட்டு அரப்பை எடுத்துக் குழைத்தாள். கொஞ்ச நேரம் அது அவள் கையிலேயே இருந்தது. பிறகு பெரியம்மாவின் தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மெதுவாகத் தொடங்கி, பிறகு கோபத்தோடு, உயிரோடிருப்பவளுக்குத் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தாள்.

"மாடி ரூம்புல டிரங்குப் பொட்டி இருக்குதில்ல," என்றாள் நிர்மலா, துடைக்கும்போது. "அடியில பாசிப்பச்ச ரவிக்க ஒண்ணு இருக்கும், நியூஸ் பேப்பருல சுத்தி. எடுத்தா. கத்திரிக்கோலும் எடுத்தா."

"அப்பா சட்டயப் போடச் சொன்னாரே."

"எடுத்தாடி."

அது நிர்மலாவின் கல்யாணத்தில் போட்டுக்கொள்ள ராமக்காள் தனக்குத் தைத்து வைத்தது. குட்டைக் கை, அதில் பொம்மென்று கொசுவம், ஓரத்தில் சரிகை. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று பார்த்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "நீ வூட்டப் பாத்துக்க கண்ணு" என்றாள். கழற்றி மடித்தவள்தான். இப்போது அது உடம்புக்கு இறங்கவில்லை. நிர்மலா முதுகுப் பக்கம் நேராகக் கத்தரித்து, முன்பக்கமாகக் கைகளை நுழைத்தாள். முன்னால் பார்க்கிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது. தோளுக்குக் கீழே இரண்டு கைகளும் வெறுமையாக, எண்ணெய் மினுங்க, திட்டுத்திட்டாகக் கிடந்தன.

நடுவீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துக் கோடியைப் போர்த்தியபோது, வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாதவராஜ் ஓடிவந்தான். பச்சை ரவிக்கையைப் பார்த்தான். நிர்மலாவைப் பார்த்தான். குனிந்து கோடித்துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். நிர்மலா மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை இறக்கினாள். அவன் மறுபடியும் இழுத்தான். அவள் விடவில்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கைகளை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மேலே முகங்களில் ஒன்றும் இருக்காது. அப்படித்தான் இருந்தது. துணியின் இரண்டு ஓரங்களையும் இரண்டு பேர் பிடித்திருக்க, நடுவில் ராமக்காள்.

"உடு," என்றான் உதடு அசையாமல். "உம் பொண்ணு வாழ்க்கடி."

"ரொம்ப வருஷம் மூடி வெச்சாச்சு. நீங்க உடுங்க."

செருப்புச் சத்தம் வாசற்படிக்கு வந்துவிட்டது. அவன் விட்டான். வியாபாரிக்கு எப்போது விடவேண்டும் என்று தெரியும்.

பென்னாகரத்து அம்மாள் கனமான உடம்புக்காரி. மாலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் அவர் வீட்டுக்காரர். பையன் வரவில்லை. அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே வந்து, நிர்மலாவின் கையைப் பிடிக்கக் குனிந்தவர், பாதியில் நின்றார்.

"இதென்னங்க கையில... தீக்காயமா?"

"ஆமாங்க," என்றான் மாதவராஜ். "சின்ன வயசுல சுடுதண்ணி..."

"சுடுதண்ணி இல்லீங்க," என்றாள் நிர்மலா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாசலில் பறை அடிப்பவர்கள் பறையைத் தீயில் சூடு காட்ட நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "சொரியாசிஸ். இருவது வயசுல வந்துச்சு. ஒட்டாது. தொட்டா வராது, கூட சாப்பிட்டா வராது. நாந்தான் தெனமும் எண்ணெ தேச்சேன், என் கை இந்தா இருக்குது. ஆனா ரத்தத்துல வரலாம்ங்கறாங்க. எனக்கு வரல. எம் பொண்ணுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. நீங்க மொத தடவ வந்தப்ப எங்க அக்கா மாடியில இருந்தா. கீழ வரவேணாம்னு யாரும் சொல்லல. சாப்பாட்டத் தூக்குல போட்டு மாடிப்படியில வெச்சம். வெச்சது நாந்தான். அவளாப் புரிஞ்சுக்கிட்டா. பாத்துக்கிட்டு என்னன்னு சொல்லுங்க. நிச்சயத்துக்கு அப்பறம் மெதுவாச் சொல்ற பேச்சு வேணாம்."

"துக்கத்துல பேசறா," என்றாள் குள்ளம்மாள் அவசரமாக. "புத்தி தடுமாறிருச்சு."

"புத்தி இன்னைக்குத்தான் நேரா நிக்குது அண்ணி."

அந்த அம்மாள் பூவிழியைப் பார்த்தார். பூவிழி நெற்றியில் அரப்புத் தண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. அவள் குனியவில்லை. அம்மாள் வெகுநேரம் பார்த்தார். புளியை முகர்ந்தே வருஷம் சொல்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டும், அந்த முகத்தில் ஓடுவது என்னவென்று நிர்மலாவுக்குப் பிடிபடவில்லை.

வாய்க்கரிசி தட்டு வந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். போட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோழிக்குத் தீவனம் போடுகிற தூரத்தில் நின்று எறிந்தார்கள். அரிசி வாயில் விழாமல் பாயில் சிதறியது. பென்னாகரத்து அம்மாளின் முறை வந்ததும் அவர் ஒரு பிடி அள்ளினார். ஓரடி முன்னால் வந்தார். குனிந்தார். அரிசி கொஞ்சம் உதட்டில் விழுந்தது, மீதி சிதறி எண்ணெய் மினுங்கும் அந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. தொடக்கூடாதென்று உயரத்திலிருந்தே போட்டாரா, கண்ணில் தண்ணீர் மறைத்ததா, யாருக்கும் தெரியவில்லை. எழுந்தார். புடவையைச் சரிசெய்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வாசற்படி இறங்கிக் காருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் மாலையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனார்.

கார் கிளம்பும் சத்தம் அடங்கியதும் மாதவராஜ் குள்ளம்மாளிடம் வந்தான்.

"என்னக்கா, ஒண்ணுமே சொல்லாமப் போறாங்க?"

"சாவு வூட்டுல வரேன், போறேன்னு சொல்லக்கூடாதுடா," என்றாள் குள்ளம்மாள். "அதுதான் மொற."

"திரும்பிக்கூடப் பாக்கல."

"அதுவும் மொறதான்."

"அப்ப சம்மதமா, இல்லயா?"

குள்ளம்மாள் யோசித்தாள். வேண்டாமென்று போகிறவளும் இப்படித்தான் போவாள். வேண்டுமென்று போகிறவளும் இப்படித்தான் போவாள். அவளுக்கே ஆத்திரமாக வந்தது. "எல்லாம் உம் பொண்டாட்டியக் கேளு," என்றாள்.

மாதவராஜ் கேட்கவில்லை. நிர்மலாவின் பக்கத்தில் வந்து நின்று, "திருப்திதான?" என்று மட்டும் சொன்னான். அதற்குள் பறை மறுபடியும் தொடங்கிவிட்டது.

தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போனார்கள். நடுப்பகல் வெயில் பாடைக்கு நேர் மேலே நின்றது. பூமாலைகளுக்கு வெளியே இரண்டு கைகளும் கிடந்தன. கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள் நிர்மலா. பாடை திருப்பத்தில் மறைந்தது.

திரும்பி வந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. மாடிவரைக்கும் பினாயில் வாசனை. பின்பக்கம் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மூலையில் நீல உறைகள் ஒரு குவியலாகக் கிடந்தன, பெரும்பாலானவை மடிப்புக்கூடக் கலையாதவை. தொட்டியடியில் எருக்கங்கிளை வாடத் தொடங்கியிருந்தது. மஞ்சள் கயிறு அதிலேயே இருந்தது.

குள்ளம்மாள் சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு நின்றாள்.

"எல்லாரும் ஊத்திக்கிட்டாங்க. நீதான் பாக்கி. கையையாச்சும் மொதல்ல நீட்டு, வா."

நிர்மலா தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையில் எண்ணெய் இன்னும் காயவில்லை. ரேகைகளுக்கு நடுவே அக்காளிடமிருந்து உதிர்ந்தவை உமி மாதிரி வெள்ளையாக இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வெயில் பட்டு மினுங்கின.

"நீட்டுடி. தண்ணி எவ்ளோ நேரம் புடிச்சிக்கிட்டிருக்கறது?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள்.